வால்யூம் குறையவில்லையா? ஸ்பீக்கரைக் கழற்றும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறீர்கள், நல்லது. போட்ட பிறகு வரும் சத்தப் பிரச்சினையைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். யூடியூபில் அவர் கேட்கும் பழைய சொற்பொழிவுகள் முணுமுணுப்பாக இருக்கும், நடுவில் வரும் விளம்பரம் அலறும். அதற்காக உபுண்டுவில் (லினக்ஸில் ஒரு வகை) ஈஸி எஃபெக்ட்ஸ் என்ற ஒலியை மெருகேற்றும் மென்பொருளை நிறுவி, அதில் சத்தத்தைத் தானாக ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஆட்டோகெயினைச் சேர்த்தேன். பேச்சு நன்றாகக் கேட்டது. ஆனால் ராத்திரி சத்தத்தைக் குறைக்கலாம் என்று வால்யூம் கீயை அழுத்தினால் திரையில் கோடு 80-லிருந்து 20-க்கு இறங்குகிறது, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது! பழுது பார்க்கும் கடையில், ஸ்பீக்கரையும் போர்டையும் பார்க்கணும், 2,500 ரூபாய் ஆகும் என்றார்கள்.

லேப்டாப்பில் எந்தப் பழுதும் இல்லை. ஈஸி எஃபெக்ட்ஸ் தன் பெயரிலேயே ஒரு பொய் ஸ்பீக்கரை உருவாக்கி, பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் அதன் வழியாக வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் நிஜ ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஒலி அமைப்பில் நான் அந்தப் பொய் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். கீ அதன் அளவைத்தான் மாற்றியது, நிஜ ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. வெளியீட்டில் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததும் கீ வேலை செய்தது, எஃபெக்டும் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு, பலரும் தடுமாறுவது இதில்தான். யூடியூபுக்குள் இருக்கும் வால்யூமைக் குறைத்தால் சில நொடியில் சத்தம் திரும்ப ஏறிவிடும். ஆட்டோகெயினின் வேலையே அதுதானே, சன்னமாக வருவதைத் தூக்கி ஒரே அளவில் நிறுத்துவது. அந்த அளவு முதலிலேயே மைனஸ் 23 லுஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று இருக்கும், ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் வைத்திருக்கும் அதே அளவு. ஆகவே எஃபெக்டுக்கு முன்னால் குறைப்பது வீண், அதற்குப் பின்னால், அதாவது நிஜ ஸ்பீக்கரில் குறைக்க வேண்டும். எந்த வால்யூம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பாவுகண்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் போதும், செயலிகள் ஒரு பக்கமும் ஸ்பீக்கர்கள் ஒரு பக்கமும் தனித்தனியாகத் தெரியும்.

உபுண்டு 22.10 முதல் உள்ளே ஒலியைக் கையாளும் மென்பொருள் பைப்வயர்தான், ஈஸி எஃபெக்ட்ஸ் அதற்கானது. அதற்கு முந்தைய பல்ஸ் ஆடியோவுக்கு இருந்தது பல்ஸ் எஃபெக்ட்ஸ்.

இதை நீங்கள் படத்தோடு தமிழில் போட்டால், என்னைப் போல் வீட்டுப் பெரியவர்களுக்காக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர்களுக்குப் பெரிய உதவி. கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் ஈஸி எஃபெக்ட்ஸை முழுவதுமாக நிறுத்திவிட்டு, கீ வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், திருநெல்வேலி