சீமெந்துக்கல் வீடும் பழைய வீடுதான்

ஆசிரியருக்கு,

திருகோணமலையின் பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் கோட்டையோடும் ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களோடும் நின்றுவிட்டது. சரி, அவையும் வேண்டியவைதான். ஆனால் 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியதை ஒட்டிய காலத்தில், நம்மவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய தட்டைக்கூரைச் சீமெந்துக்கல் வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815க்கு முந்தியவையே பண்டைய கட்டடங்கள் என்ற எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கையில், அறுபது வயது வீட்டுக்காக யார் பேசுவது?

உவர்மலையில் நான் வளர்ந்த வீடு அப்படியானது. கிழக்குச் சுவரில் பாதி, காற்றுப் புகும் துளைகள் கொண்ட பூக்கல். கச்சான் காற்று ஓய்ந்து கடற்காற்று திரும்பும் பின்னேரங்களில் அம்மா அதனடியில்தான் பாய் விரிப்பார், மின்விசிறி தேவைப்பட்டதில்லை. மாரியில் கூரை ஒழுகியது உண்மை, அதை மறைக்கவில்லை. போன வருடம் இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள். ஒரு வரைபடம்கூட மிஞ்சவில்லை. இனியாவது, இடிக்க அனுமதி வழங்குமுன் இத்தகைய வீடுகளை அளந்து படமெடுத்து வைக்க உள்ளூராட்சி மன்றம் ஏற்பாடு செய்யலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களைக் கேட்டால் வரமாட்டார்களா?

வாசகர் ஒருவர்,
திருகோணமலை