மரகதத்துக்கு, தம்பி டிக்கெட் விஷயமாக

காங்கேயம்
ஆடிப் பெருக்கு, 3.8.2025

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் மகனுக்கு, நம் தம்பிக்கு, ஜெர்மனியில் மக்டெபர்க் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கடல் தாண்டுகிற பிள்ளை. இன்றைக்கு நீங்கள் எல்லோரும் கொடிவேரிக்குப் போயிருப்பீர்கள். தம்பி பேரைச் சொல்லித் தண்ணியில் ஒரு பூ விட்டாயா?

டிக்கெட் மலிவாக இருக்கிறது, இன்றைக்கே எடுத்தால்தான் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இருப்பு வைத்திருக்கும் மஞ்சளை விற்றுவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. அந்த டிக்கெட் ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்று முதலில் கேள். இரண்டு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். இதை உன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. 2023 செப்டம்பரில் பெரியவள் போனபோது, வளைகுடா வரைக்கும் ஒரு கம்பெனி, அங்கிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு வேறொரு கம்பெனி என்று தனித்தனியாக எடுத்தோம். அதில் 9,000 ரூபாய் மிச்சம். நான்தான் போனைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன், எனக்கு அப்போது அவ்வளவு பெருமை. முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். இவள் இறங்கும்போது அடுத்தது கிளம்பிவிட்டது. முதல் கம்பெனிக்காரர்கள் "எங்கள் டிக்கெட் இதுவரைக்கும்தான்" என்றார்கள். அடுத்தவர்கள் "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, டிக்கெட் போய்விட்டது" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரிதான். பெட்டிகள் வெளியே வந்துவிட்டன. அதை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா இல்லை. விடிகாலை மூன்று மணிக்குப் போன் வருகிறது. "அம்மா, இங்க ஏசி ரொம்பக் குளுருது" என்கிறாள். வேறொன்றும் சொல்லவில்லை. மரகதம், இருபத்திரண்டு வயசுப் பெண், முதல் தடவை ஊரைத் தாண்டினவள், இரும்பு நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே தாவாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புது டிக்கெட்டுக்கு 34,000. பணம் போனதுகூட மறந்துபோச்சு, அந்தக் குரல் மறக்கவில்லை.

ஈரோட்டில் படித்தபோது பஸ் காசை மிச்சம் பிடிக்க ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பன்னீர்செல்வம் பார்க் வரைக்கும் நடந்தே போவோமே, ஞாபகம் இருக்கிறதா? அது நம் காலால் பிடித்த மிச்சம். நான் செய்தது, பிள்ளை தலையில் வைத்துப் பிடித்த மிச்சம்.

ஒரே டிக்கெட் என்றால், இடையில் எத்தனை விமானம் மாறினாலும் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இந்த ஜூன் 23 ராத்திரி கத்தார் வான்வழியைச் சில மணி நேரம் மூடினார்களே, அப்போது தோஹா வழியாகப் போகவேண்டியவர்கள் எத்தனையோ பேர் நடுவழியில் நின்றார்கள். ஒரே டிக்கெட் வைத்திருந்தவர்களை வேறு விமானத்தில் ஏற்றிவிடக் கம்பெனி கடமைப்பட்டிருந்தது. தனித்தனியாக எடுத்தவர்களுக்குக் கேட்க நாதி இல்லை.

அடுத்து, எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது. கோயமுத்தூரிலிருந்து வெளிநாட்டுக்கு நேராகப் போவது ஷார்ஜா, சிங்கப்பூர், அபுதாபி என்று சில ஊர்களுக்குத்தான். நமக்குக் கொச்சி கைக்கெட்டும் தூரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் போய் ஆலுவாயிலோ அங்கமாலியிலோ இறங்கினால் நெடும்பாசேரி ஏர்போர்ட் பக்கம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லுஃப்தான்சா நேராக ஃபிராங்க்பர்ட் போகிறது, அதையும் பார்க்கலாம். பெங்களூர் என்றால் ஈரோட்டில் வந்தே பாரத் ஏறலாம், கண்டோன்மென்ட்டில் இறங்கி ஏர்போர்ட் பஸ்.

இறங்குவது எங்கே என்பதை முக்கால்வாசிப் பேர் யோசிப்பதே இல்லை. ஜெர்மனி என்றாலே ஃபிராங்க்பர்ட் என்று எடுத்துவிடுகிறார்கள். மக்டெபர்க் பெர்லினுக்குப் பக்கம், உள்ளூர் ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபிராங்க்பர்ட்டில் இறங்கினால் இரண்டு பெட்டியோடு பாதி நாட்டைத் தாண்டவேண்டும். எமிரேட்ஸ் பெர்லினுக்குப் போவதில்லை. கத்தார் ஏர்வேஸ் போகிறது, கொச்சியிலிருந்தும் ஏறலாம். விமான டிக்கெட் 3,000 எச்சாவாக இருந்தாலும் அங்கே ரயிலுக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பார். உன் வீட்டு வாசலிலிருந்து அவன் ஹாஸ்டல் கதவு வரைக்கும் என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல். அதில் நம் ஊர்ச் செலவையும் எழுது. பெரியவளை வழியனுப்ப ஒறம்பரை எல்லாம் சேர்ந்து வேன் பிடித்துப் பதினாலு பேர் போனோம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டு வந்தோம். வேன் வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் ஒரு பெட்டி கூடுதல் லக்கேஜ் எடுத்திருக்கலாம். ஆனால் அவள் பாட்டி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நீயும் அண்ணனும் தம்பியின் அப்பத்தாவும் போங்கள், போதும்.

மாணவர் கட்டணம் என்று தனியாக உண்டு. ஏர் இந்தியா, எமிரேட்ஸ், கத்தார், லுஃப்தான்சா எல்லாரிடமும் இருக்கிறது. விலையில் கழிவது கொஞ்சம்தான், கூடுதலாகக் கொடுக்கிற பெட்டிதான் பெரிய லாபம். கத்தார் ஏர்வேஸில் மாணவர் கிளப்பில் காசில்லாமல் சேரலாம், தேதி மாற்றவும் ஒரு தடவை சலுகை உண்டு. அதுதான் நமக்கு வேண்டியது. விசா என்றைக்குக் கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, விசா வரும்வரைக் காத்திருந்தால் விலை ஏறுகிறது, முன்னால் எடுத்தால் தேதி தவறிவிடுமோ என்று பயம். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டுக்குக் கொஞ்சம் எச்சா கொடுக்கலாம், தப்பில்லை. அட்மிஷன் கடிதத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கச் சொல், கவுன்டரில் கேட்பார்கள்.

அங்கே அக்டோபர் 1-ல் செமஸ்டர் தொடங்குகிறது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும் மாசப் பாஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள், டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் ஆரம்பித்தபோது 49 யூரோ, 2025 ஜனவரியில் 58 ஆனது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதை அறுபது சதவீத விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். தம்பி பல்கலைக்கழகத்தில் உண்டா, என்றைக்குக் கைக்கு வரும் என்று மெயில் போட்டுக் கேட்கச் சொல். இருந்தால், செப்டம்பர் கடைசியில் போகாமல் அக்டோபர் பிறந்து இறங்கினால் பெர்லினிலிருந்து ரயில் செலவே இல்லை. வேகமாகப் போகிற ஐசிஇ ரயிலுக்கு மட்டும் அது செல்லாது. முன்னால் வரச் சொல்லியிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், போகட்டும்.

பெட்டி கட்டும்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், உன்னைத் தெரியும் எனக்கு. ஊத்துக்குளி நெய் வேண்டாம். ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளும் கறியும் கொண்டுபோகக் கூடாது, அதனால் அப்பத்தாவின் உப்புக்கண்டமும் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். எங்கள் ஊர்க் கொப்பரையைப் பெட்டியில் போட இங்கேயே தடை, எண்ணெய்ச் சத்து தீப்பிடிக்கும் என்று 2022-ல் சேர்த்துவிட்டார்கள். காங்கேயத்துக்காரியாக இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, உங்கள் வீட்டு மஞ்சள் தூள், இதெல்லாம் தாராளமாக வை. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள். பவர்பேங்க் கைப்பையில்தான்.

மஞ்சளை விற்காதே. புதன்கிழமை காலையில் பஸ்ஸில் கிளம்பிக் கோபிக்கு வருகிறேன். தம்பியோடு உட்கார்ந்து நாமே விமானக் கம்பெனிகளின் சொந்தப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொல். அதில் அப்பா பேர் விரித்துப் போட்டிருக்கிறதா, வெறும் இனிஷியலா, குடும்பப் பேர் என்கிற இடம் காலியா என்று பார்க்கவேண்டும். டிக்கெட்டில் பேர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே வரவேண்டும், ஒரு எழுத்து மாறினால் அதற்கும் காசு.

மத்தியானம் சாப்பாடு உன் வீட்டில்தான். அரிசியும் பருப்பும் சோறு போதும், கறி எல்லாம் எடுக்காதே, ஆடி முடியட்டும்.

அன்புடன்,
செல்வி