மஞ்சளும் மெழுகும் போதும்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூன்று வயதாகியும் பிள்ளை கோட்டுக்கு வெளியே தீட்டுகிறான் என்று போனில் வருத்தப்பட்டாயே, அந்த வயதில் தோளும் முழங்கையும்தான் வேலை செய்யும். விரல் பிறகுதான் அடங்கும். அவனைத் திருத்தாதே, சாமானை மாற்று.

கிரேயானை மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடு. நீளமாக இருந்தால் உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பான். குட்டையாக இருந்தால் விரல் நுனியால் பிடித்தே ஆக வேண்டும். வாயில் வைக்காமல் இருக்கப் பக்கத்திலேயே உட்கார். கோடு கைக்குத் தெரிய, படத்தின் கோட்டின்மேல் பெவிகால் ஓட்டிக் காயவிடு. மேடாக நின்று கிரேயானைத் தடுக்கும். வெள்ளையாக இருக்கும்வரை தொடவிடாதே, கண்ணாடி போல ஆக வேண்டும். இங்கே கடல் காற்றுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடிக்கும்.

அடுத்து மாயப்படம். வெள்ளை மெழுகுவர்த்தியால் பெரிய வஞ்சிரம் ஒன்றை வரைந்து வை. அவன் தண்ணீர்க் கலரைப் பூசப் பூச மீன் எழும்பி வரும். வரவில்லையென்றால் மெழுகை அழுத்தித் தேய்க்கவில்லை, இல்லாவிட்டால் கலர் கெட்டி. இங்க் போல ஓட வேண்டும். ஜெராக்ஸ் தாள் நனைந்தால் சுருண்டு கிழிந்துவிடும், அதனால் ஆண்டர்சன் தெருவில் தடித்த காகிதம் வாங்கிப் பார்சலில் வைத்திருக்கிறேன். சொரசொரப்பான பக்கத்தில் பூசச் சொல்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மஞ்சள் விளையாட்டு. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் கரைத்து, ஆறியதும் தாள் முழுக்கப் பூசி நிழலில் காயவை. வெயிலில் வைத்தால் வெளுத்துப்போகும். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலக்கி, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் அதன்மேல் வரையச் சொல். தொட்ட இடமெல்லாம் செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலை. ஆனால் பிள்ளை கைக்குச் சுண்ணாம்பு எட்டவே கூடாது, கண்ணைப் புண்ணாக்கிவிடும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சளாகும். அப்போது அவன் முகத்தைப் பார்! சட்டையில் பட்ட கறை சோப்பு போட்டதும் சிவக்கும், பதறாதே. அலசி வெயிலில் போடு, நாளாக ஆக மங்கிவிடும்.

முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ அச்சு. வழவழப்பைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சில் கலர் ஊற்றி அதில் தொட்டு ஒற்றட்டும். கலருக்குள் முக்கினால் ஓட்டையெல்லாம் அடைத்து வெறும் வட்டம்தான் விழும்.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் மூன்று பேரும் பகடை ஆடலாம். ஆறு பக்கத்திலும் ஆறு கலர் ஸ்டிக்கர் ஒட்டு. விழுகிற கலரில் ஆளுக்கு ஒரு பாகம் தீட்ட வேண்டும். யானைக்குப் பச்சைக் காது வந்தால் பச்சையேதான், நீயாக மாற்றாதே. பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடினால் விட்டுவிடு.

கலர் கோலப்பொடி கேட்டிருந்தாய், அனுப்பவில்லை. கையில் அப்பிக்கொண்டு கண்ணைக் கசக்குவான். பொங்கலுக்கு வரும்போது வாசலில் நான் பக்கத்திலிருந்து போட வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா