தண்டலைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

மலேசியா, சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தண்டல் பிழைத்துக்கொண்டது. இதை எழுதும்போது மதில்மேல் உட்கார்ந்து போவோர் வருவோரை முறைத்துக்கொண்டிருக்கிறது. தெரியாதவர்களுக்காக: தண்டல் எங்கள் பூனை. விடிந்ததும் தோட்டத்தில் பெரட்டு எடுக்கிற, அதாவது ஆள் கணக்கு எடுக்கிற, மாதிரி வீடு வீடாகப் போய், யார் எழுந்தார்கள், யார் வீட்டில் மீன் என்று பார்த்துவிட்டு வரும். பால்மரத் தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளரான தண்டலிடம் முப்பது வருஷம் திட்டு வாங்கிய என் அம்மா வைத்த பெயர் அது.

போன மாதம் பேரன் பள்ளியிலிருந்து சளிக்காய்ச்சலைக் கொண்டுவந்தான். மூன்றே நாளில் வீடே படுத்துவிட்டது. கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இன்ஃபுளுவென்சா ஏ என்றார்கள். அம்மாவைத் தனி அறையில் படுக்க வைத்தோம். பூனையை யார் நினைத்தார்கள்? பையன் அதைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு அதன் முகத்திலேயே இருமிக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் தண்டல் தும்மத் தொடங்கியது. கண்ணில் நீர், மூக்கில் சளி. நெத்திலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் நன்றி, தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி வீட்டு அக்காவுக்கு. பூனைக்குக் கொடுக்கலாம் என்று, பேரனுடைய பெனடோல் என்ற பாராசிட்டமோல் மருந்தை நான் கரண்டியில் ஊற்றிவிட்டேன். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க அந்த நேரம் பார்த்து அக்கா ஃபோன் போட்டார். பேச்சோடு பேச்சாகப் பூனை மருந்தையும் சொன்னேன். "ஐயோ தம்பி, முதல்ல அதக் கீழ ஊத்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரண்டியே கைநழுவிவிட்டது. பாராசிட்டமோலை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாதாம். ரத்தம் பழுப்பாகி, உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய்விடும். நாம் போடுகிற ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். அக்கா ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

மூலை வீட்டுத் தம்பி இரவு வேலை முடிந்து வந்த கண்ணோடு மைவி காரை எடுத்தார். ஈப்போ வரை போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். பெட்ரோல் காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார். பின்சீட்டில் தண்டல் வாந்தி எடுத்ததைப் பற்றி மூச்சே விடவில்லை. மறுநாள் அவர் சீட்டைக் கழுவிக் காயவைத்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

மிருக டாக்டரம்மா பூனையைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல யாருக்குக் காய்ச்சல்?" பூனையால் நமக்கு நோய் வரும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். நம்மால் அதற்கு வரும் என்பது புதுசு. பூனைச் சளி பெரும்பாலும் இன்னொரு பூனையிடமிருந்துதான் தொற்றும், தனிப் பரிசோதனை செய்யாமல் இது உங்கள் காய்ச்சல்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் 2009இல் எச்1என்1 என்ற பன்றிக்காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவின் ஐயோவாவில் 13 வயதுப் பூனைக்கு வீட்டுக்காரர்களிடமிருந்தே ஒட்டியதையும், கோவிட் வந்த 2020இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குத் தோட்டத்துப் புலிக்கு மனிதரிடமிருந்து தொற்றியதையும் சொன்னார். புலிக்கே என்றால் தண்டல் எம்மாத்திரம்!

தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றி, ஆண்டிபயாட்டிக் கொடுத்தார். அது வைரஸுக்கு இல்லை, மேலே சேர்ந்துகொள்ளும் கிருமிக்கு. மூக்கடைத்த பூனைக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் சாப்பிடாது, பல நாள் சாப்பிடாவிட்டால் ஈரல் கெடும், அதனால் உணவைச் சூடாக்கி மணக்க மணக்கக் கொடுங்கள் என்றார். காய்ச்சல்காரர் யாரும் கிட்டே போகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் காய்ச்சல் இல்லாதவர் யார்? இங்கேதான் பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அத்தை, வந்தார். கேட்கக்கூட இல்லை. தண்டலைத் தன் பின்கட்டுக்குத் தூக்கிப் போய், கெம்போங் மீனை அவித்து, முள் எடுத்து, விரலில் தொட்டு உதட்டில் தடவி ஆறு நாள் ஊட்டினார். ஏழாம் நாள் தட்டைத் தானே நக்கியதாம், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "டா மாக்கான்! டா மாக்கான்!" (சாப்பிட்டுவிட்டது!) என்று அவர் கூவியது இன்னும் காதில் இருக்கிறது.

செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்றவர்களும் இருந்தார்கள். பயத்தில் சொன்னது, பரவாயில்லை.

ஒன்று பாக்கி. அன்று அவசரத்தில் வாசலில் ஒரு நீலக் கூண்டு வந்து இறங்கியது. யாருடையது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்தில் வந்தால் உள்ளே தண்டல் தூங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.