மன்னிப்பே கேட்காத தம்பி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புயலுக்கும் மந்திரக்கோலுக்கும் கட்டுரையாளர் தந்த விளக்கங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் 'கடைசியில் எல்லோரும் மனம் திருந்துகிறார்கள், அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்கிறார்கள்' என்று முடித்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்தபோது நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதிவைத்தேன். மார்க்கும் போட்டார்கள்!

ஐந்தாம் அங்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மிலன் நாட்டை ஆண்ட அண்ணன் பிராஸ்பெரோவிடமிருந்து நாட்டைப் பறித்துக்கொண்டு, மூன்று வயதுகூட நிறையாத மகளோடு அவனைக் கடலில் தள்ளிவிட்ட தம்பி அன்டோனியோ, 12 வருடம் கழித்து, அண்ணன் மந்திரத்தால் கிளப்பிய புயலில் சிக்கி அவன் வாழும் தீவில் எதிரே நிற்கிறான். உன்னைத் தம்பி என்று கூப்பிட்டாலே வாய் சீழ்பிடித்துவிடும் என்கிறான் பிராஸ்பெரோ. அதே மூச்சில் மன்னித்தேன் என்கிறான். என் நாட்டைத் திருப்பிக் கொடு, உனக்கு வேறு வழியில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான். போதாததற்குச் சற்று முன்னால்தான் அவன் காதோடு, நேப்பிள்ஸ் ராஜாவைக் கொல்லப் பார்த்த உங்கள் சதி எனக்குத் தெரியும், இப்போதைக்குச் சொல்லமாட்டேன் என்று வேறு எச்சரித்திருக்கிறான். மன்னிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மடியில் ஒரு துருப்புச் சீட்டை வைத்துக்கொண்டு கொடுக்கிற மன்னிப்பு.

சரி, அன்டோனியோ என்ன பதில் சொல்கிறான்? ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு நாடகம் முடியும்வரை அவன் வாய் திறப்பது ஒரே ஒரு தடவை. அதுவும் தீவில் பிராஸ்பெரோவின் அடிமையாக இருக்கும் காலிபனைப் பார்த்து, இது மீனேதான், விற்றால் விலைபோகும் என்று கேலி பேச. அன்று தம்பிக்குத் துணைபோன நேப்பிள்ஸ் ராஜா அலோன்சோவோ கேட்பதற்கு முன்பே நாட்டைத் திருப்பித் தந்து, தன் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறான். மகன் கடலில் போய்விட்டான் என்று நினைத்து அழுதவன் அவன். அந்தப் புயலில் அன்டோனியோவுக்கு எதுவும் போகவில்லை. புயலைக் கிளப்பவும், ஆட்களைத் தூங்கவைக்கவும், உருவிய வாளைத் தூக்கமுடியாமல் செய்யவும் முடிந்த மந்திரத்தால் ஒரு மனிதனை 'தப்புதான்' என்று சொல்லவைக்க முடியவில்லை. இந்த நாடகத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

பிராஸ்பெரோவின் மனசு இளகுவதும் மந்திரத்தால் இல்லை. அவனுக்கு ஏவல் செய்யும், காற்றால் ஆன ஆவி ஏரியல் வந்து, கிழவர் கோன்சாலோவின் தாடியில் கண்ணீர், மழைக்காலத்தில் கூரை இறவாணத்தில் நீர் சொட்டுவதுபோலச் சொட்டுகிறது, பார்த்தால் இளகிவிடுவீர்கள் என்கிறது. அப்படியா நினைக்கிறாய் என்று கேட்கிறான். 'நான் மனிதனாக இருந்தால் இளகியிருப்பேன் ஐயா.' அந்த ஒரு வரியில் அவன் கூசிப்போகிறான்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். பிராஸ்பெரோ கோலை உடைத்துப் புத்தகத்தைக் கடலில் எறிவதாகக் கட்டுரையில் இருந்தது. உடைப்பேன், மூழ்கடிப்பேன் என்று சொல்வதோடு சரி. 1623-ல் அச்சான முதல் தொகுப்பில் இந்த நாடகத்துக்கு மேடைக் குறிப்புகள் விரிவாகவே இருக்கின்றன. மேசையிலிருந்து விருந்து மாயமாய் மறைவதுகூட இருக்கிறது. கோல் உடைவது இல்லை. மேடையில் உடைத்துக் காட்டினால் அது இயக்குநர் விருப்பம். புத்தகத்தைப் பற்றிக் கட்டுரையாளர் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ஆட்சியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் படிப்பில் மூழ்கிக் கிடந்ததால்தானே நாற்காலி போனது? தீவில் அவனுக்கு அதிகாரம் தந்ததும் அதே புத்தகங்கள்தான். அவற்றை விட்டுவிடுகிறேன் என்னும்போது தன் பங்குத் தப்பையும் அவன் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.

காலிபனை 'அரக்கன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதும் உறுத்தியது. அவன் பிராஸ்பெரோவின் மகளிடம் அத்துமீறப் பார்த்தது சின்னக் குற்றம் இல்லைதான். ஆனாலும் இந்தத் தீவு என் அம்மா வழியில் எனக்கு வந்தது என்று அவன் சொல்வதற்கு நாடகத்தில் யாரும் நேரான பதில் சொல்வதில்லை. அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதும் இல்லை.

முடிவுரையில் பிராஸ்பெரோ தனியாக வந்து, கைதட்டி என்னை விடுவியுங்கள் என்று நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான். தம்பியிடமிருந்து அவனுக்குக் கிடைக்காத சொல் அது. இந்த நாடகத்தை மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை. அமைந்தால், 'மன்னித்தேன்' என்று பிராஸ்பெரோ சொல்லும் அந்த நொடியில் அன்டோனியோவாக நடிப்பவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி