பட்டியலில் இடம் கிடைக்காதவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

காசநோய்க் கிருமியின் ஜீனோம் (அதன் முழு மரபணுத் தொகுப்பு) பற்றிய எங்கள் ஆய்வுக்கட்டுரை ஒருவழியாக வெளியாகிவிட்டது. ஆசிரியர் பட்டியலில் என் பெயர் முதலில் இருப்பதால் வாழ்த்துகளும் எனக்கே வந்து குவிகின்றன. நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவள். கிருமியின் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்த சீக்வென்சிங் கோப்பு என்னிடம் வந்து சேரும் முன்பே கடினமான வேலை எல்லாம் முடிந்திருக்கும். அதைச் செய்தவர்களில் சிலர் பட்டியலின் நடுவில் இருக்கிறீர்கள், பலர் எங்குமே இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, சளி மாதிரி கொடுத்த நோயாளிகளுக்கு. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. என்னிடம் இருப்பவை வெறும் எண்கள். சென்னைக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மையத்தில் நடந்த ஆய்வுதான், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் காட்டியது. அன்றும் ஒத்துழைத்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள்தான்.

அடுத்து, கிருமியை வளர்த்துக் கொடுத்த ஆய்வகத் தோழிகளே, உங்களுக்கு. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். இந்தக் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். குழாயில் சாய்வாக உறையவைத்த வளர்ப்பு ஊடகமான எல்ஜே ஸ்லோப்பில் கண்ணுக்குத் தெரியவே வாரக்கணக்காகும், நடுவில் வேறு ஏதாவது ஏறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் அதன் மெழுகுச் சுவரை உடைத்து டிஎன்ஏ எடுக்க வேண்டும். "இன்னும் வரலையா?" என்று நான் நச்சரித்தபோதெல்லாம் கோபப்படாமல் பதில் சொன்னீர்கள்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்கும் மருந்து உணர்திறன் சோதனை செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ஒப்பிடப் பயன்படும், எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமி ரகத்தின் ஜீனோமை சாங்கர் மையமும் பாஸ்டர் நிறுவனமும் 1998-இல் வெளியிட்டன. 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அந்த ரகத்தின் மூலக் கிருமி 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது, லீனியேஜ் 4 வகை (லீனியேஜ் என்றால் கிருமியின் வம்சக் கிளை). தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவதோ லீனியேஜ் 1. இரண்டையும் ஒப்பிட்டால் எங்கு பார்த்தாலும் மாற்றங்கள் தெரியும், அவற்றில் எது மருந்தைத் தோற்கடிக்கிறது என்று கோப்பு சொல்லாது.

கேட்ஜி மரபணுவையே எடுத்துக்கொள்வோம். ஐசோநியாசிட் என்ற காசநோய் மாத்திரையைக் கிருமிக்குள் விஷமாக்குவது அந்த மரபணு தரும் என்சைம்தான். அதில் 315-ஆம் இடம் மாறினால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். 463-ஆம் இடத்து மாற்றம் அப்படியல்ல, அது வெறும் வம்ச அடையாளம். கோப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்தோடு கிருமியை வளர்த்துப் பார்த்தவர்களின் ஆம், இல்லை என்ற பதில் இருந்தால்தான் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட, மருந்து எதிர்ப்போடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களின் பட்டியலும் பல நாடுகளிலிருந்து வந்த 38,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் இப்படிச் சோதித்தவர்களின் உழைப்பில் நிற்பதுதான். என் கருத்தில் அந்த வேலைக்கு எங்கள் வேலையைவிட மதிப்பு அதிகம். கிடைக்கும் பெயர் குறைவு.

மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும், 1990-இல் வந்த பிளாஸ்ட்டும், துண்டு வரிசைகளை ஜீனோமில் பொருத்தும், ஹெங் லி எழுதிய பிடபிள்யூஏவும் இல்லாமல் என் மேசையில் எதுவும் நகராது. டிஸ்க் நிரம்பிய இரவுகளில் போனை எடுத்த சர்வர் அறைத் தம்பிக்குத் தனி நன்றி.

வெளியாகும் முன் கட்டுரையைச் சரிபார்த்த, பெயர் தெரியாத இரண்டாம் மதிப்பாய்வாளருக்கும்தான். ஆய்வு உலகில் இரண்டாம் மதிப்பாய்வாளரைத் திட்டுவது ஒரு மரபு. நானும் திட்டினேன். ஆனால் லீனியேஜ் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னது நீங்கள்தான், கட்டுரையில் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டப்போகும் படமும் அதுதான்.

மூல டிஎன்ஏ வரிசைகள் ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகம் என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ளன, யார் வேண்டுமானாலும் எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். புரோகிராமில் சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள். கிருமி வளர்ப்பதில் சந்தேகம் என்றால் ஆய்வகத் தோழிகளிடமே கேளுங்கள், அடுத்த கட்டுரையில் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
பட்டியலில் முதலில் இருப்பவள்