கடைசிப் பக்கத்தில் இருக்கும் 12 பேர்

எங்கள் வாய்க்கால் கமக்காரர் அமைப்பின் தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் காலமான என் கணவரின் இடத்துக்கு என்னை அங்கத்தவராகச் சேர்த்தீர்கள். பேசச் சொன்னபோது எழுந்து நின்றேன், ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணைமார் சிலர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் அப்படியே இருந்துவிட்டேன். அன்று சொல்ல வந்ததை இப்போது எழுதுகிறேன். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கிற மற்ற வாய்க்கால்காரரும் வாசிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்கு நீங்கள் அடித்துத் தந்த கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், இன்னும் சாமித்தட்டில் இருக்கிறது. ‘சமூக சேவையாளர்’, ‘பண்பாளர்’ என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அன்பில் எழுதியது, நன்றி. பொதுநோக்கு மண்டபத்தில் அவருடைய படத்தை மாட்டப் போவதாகவும் சொன்னீர்கள். மாட்டுங்கள், எனக்கும் பிள்ளைகளுக்கும் சந்தோசம். ஆனால் அவரைத் தெரியாத ஒருவர் அந்தக் கல்வெட்டை வாசித்தால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று பிடிபடாது.

அவர் பிறந்தது இந்த வாய்க்கால் கரையில்தான். அவருடைய அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இருந்து வந்தவர். 1996இல் கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது இவருக்கு 19 வயது. ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இரண்டு குடும்பம். இவருக்கும் பக்கத்துக் கொட்டில் நண்பருக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள். காலையில் ஒருவர் விறகு ஏற்றிப் போவார், பின்னேரம் மற்றவர். அந்த நண்பர் உங்கள் நடுவில்தான் இருக்கிறார். செத்தவீட்டில் அவர் வாய்விட்டு அழவில்லை. முற்றத்தில் இவருடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

2009 கடைசிப் போரைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதே இல்லை. அவருடைய தங்கை, என் மச்சாள்தான் சொல்லுவா. தர்மபுரம், விசுவமடு என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் மாத்தளனில் இருந்தபோது, கஞ்சி காய்ச்சினால் அண்ணன்தான் ஊற்றிக் கொடுப்பாராம். ஊற்ற முதல் தலை எண்ணுவாராம். அவர்களுடைய பங்கருக்குள் ஏழு பேர். அவர் எப்போதும் எட்டு என்பாராம். எட்டாவது, பக்கத்துப் பங்கரில் ஒருவரும் இல்லாமல் தனியாக இருந்த ஆச்சி. “அண்ணா, பிள்ளைக்கே காணாது” என்று மச்சாள் ஒருநாள் சண்டை பிடித்தாவாம். “எட்டுப் பேருக்குக் காணாதுதான், ஏழு பேருக்கும் காணாதுதானே” என்று சொல்லிவிட்டு ஊற்றினாராம். அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தன் மாமாவான இவருடைய படத்தைத் தொலைபேசியில் வைத்திருக்கிறாள்.

தலை எண்ணுகிற அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

மெனிக் பாம் முகாமில் இருந்து 2010இல் வந்து, தகரம் போட்டு, வயலைத் திருத்தி எடுத்ததெல்லாம் எல்லோருக்கும் பொதுவான கதை, அதை விடுகிறேன். அவர் வாய்க்கால் பார்த்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குளத்தில் தண்ணீர் குறைந்து, சிறுபோகத்தில், அந்தக் கோடைப் பயிரில், ஆளுக்கு இவ்வளவு ஏக்கர்தான் என்று பங்கு வெட்டிய வருடங்களில் இரவு இரண்டு மணிக்கு டோர்ச்சும் மண்வெட்டியுமாகப் போவார். ஒருநாள் மேல்வயல்காரர் ஒருவர் முறை மாறித் தண்ணீரை வெட்டி விட்டிருந்தார். இவர் வெட்டை அடைத்துவிட்டு நேரே அவர் வீட்டுப் படலையைத் தட்டியிருக்கிறார். “குளிருது, ஒரு பிளேன்டீ தாங்கோ அண்ணை” என்று கேட்டுக் குடித்துவிட்டு, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் வெட்டவில்லை. அந்த அண்ணையே செத்தவீட்டில் இதை எனக்குச் சொன்னார்.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

2023 காலபோகத்தில், மாரிப் பயிர்க் காலத்தில், சுகாதாரப் பகுதியினர் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை தந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு, இரண்டு குளிசை. அமைப்பின் பட்டியலில் இருக்கிற 64 பேருக்கும் எண்ணிக் கொடுத்தார்கள். பகிர்ந்து கொடுக்கிற பொறுப்பை இவரிடம் விட்டீர்கள். அதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கோடு கிழித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்துச் சரி அடையாளம் போட்டார்.

அவர் போய் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். 11 பேரின் பெயருக்கு நேரே ‘வேண்டாமாம்’ என்று எழுதியிருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வயிறு எரியும், தலை சுற்றும் என்று என் அப்பாவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வேறு ஒரு பட்டியல் இருக்கிறது, 12 பேர். இலக்கம் இல்லை, பாதிப் பேருக்குப் பெயரும் இல்லை. ‘களை பிடுங்க வாற நீலக்குடை அக்கா’, ‘அவவின்ர மருமகள்’, ‘உரம் எறியிற பெரியவர், கண் ஒண்டு தெரியாது’, ‘கரியர் இல்லாத சைக்கிள் தம்பி’. ஒவ்வொருவருக்கும் நேரே நான்கு கிழமைக்கும் சரி அடையாளம்.

வேண்டாம் என்றவர்கள் 11 பேர், வாங்கியவர்கள் 12 பேர். பன்னிரண்டாவது ஆளின் குளிசை எங்கிருந்து வந்தது என்று முன்பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். நாற்பத்தோராவது வரியில் அவருடைய சொந்தப் பெயர். நான்கு கிழமையும் வெறுமையாக இருந்தது.

அந்த மார்கழி மழையில் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று வரம்பு உடைப்பை அடைத்தார். காலில் வெடிப்பு எப்போதும் இருக்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் என்று மூன்று நாள் போனது, அதில் என் பிழையும் இருக்கிறது. கெண்டைக்கால் நோவில் நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. வேலை செய்த உளைவு என்றார். கண் சிவந்து, சலம் போவது குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டார், 46 வயதில்.

குளிசை போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. அவர் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். தன் பங்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவரோடு மனதுக்குள் சண்டை பிடிக்கிறேன். ஆனால் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைச் செயலாளர் எனக்குக் காட்டினார். அந்த ஐப்பசிக் கூட்டத்தில், ‘கூலிக்கு வருபவர்களுக்கும் குளிசை கேட்க வேண்டும்’ என்று இவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதற்குக் கீழே, ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்றும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் வயலில் களை பிடுங்கவும் வரம்பு கட்டவும் வருகிறவர்கள் பெரும்பாலும் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இருந்து வருகிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983 கலவரத்துக்குப் பிறகும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வன்னிக் காட்டை வெட்டிக் குடியிருந்த மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். குளத்தின் கீழ் அவர்களுக்கு வயல் இல்லை. வயல் இல்லாதபடியால் அங்கத்துவம் இல்லை, அங்கத்துவம் இல்லாதபடியால் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் எங்களை விடக் கூடுதலான நேரம் சேற்றுக்குள் நிற்பது அவர்கள்தான். கிருமிக்கு உறுதிக்காணிக்காரர் யார், கூலிக்காரர் யார் என்று தெரியாது. எலி, மாடு, எருமை, நாய் எதன் சிறுநீரில் இருந்தும் அது தண்ணீருக்குள் வரும். காலில் ஒரு கீறல் போதும்.

2008இல் இலங்கை முழுவதும் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. 2024 மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு, கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் மர்மக் காய்ச்சல் என்று முதலில் சொன்னதும் இதுதான். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

நான் கேட்பது இதுதான். சிறுபோக விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு அங்கத்தவரும் தன் வயலுக்கு வேலைக்கு வருபவர்களின் பெயரையும் எழுதித் தர வேண்டும். அந்த எண்ணிக்கையையும் சேர்த்து, எங்கள் அமைப்பு எழுத்தில் சுகாதாரப் பரிசோதகரிடம் குளிசை கேட்க வேண்டும். அவர்கள் தர மாட்டோம் என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. கர்ப்பிணிகள் யாரும் டொக்டரிடம் கேட்காமல் அந்தக் குளிசை போடக்கூடாது, அதையும் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், “வயலில் வேலை செய்தனான்” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கூலியாள் என்றால் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று போக மாட்டார். அந்தச் சம்பளத்தை வயல்காரர் கொடுக்க வேண்டும். இதில் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும், என்னோடு நேரே பேசுங்கள்.

பகிர்ந்து கொடுக்கிற வேலையை நான் எடுக்கிறேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும், கொப்பியிலும் இன்னும் பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள் இருக்கின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருவேன். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் தெரியாமல் எழுதி வைத்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு வருகிறேன். நீலக்குடை அக்காவும் மருமகளும் வீட்டுக்கே வந்து போனார்கள். ஒருவர்தான் மிச்சம், பன்னிரண்டாவது வரியில் இருக்கிற கரியர் இல்லாத சைக்கிள் தம்பி. அவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சுகமாக இருக்கிறாரா என்று ஒருக்கால் பார்க்க வேண்டும், அந்த வரியில் அவருடைய பெயரை எழுத வேண்டும். உங்களில் யாருடைய வயலுக்காவது அவர் வந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாற்பத்தோராம் இலக்க அங்கத்தவர்